டிரம்மில் இருந்த மருந்து

செவ்வாய்க்கிழமை மதியம் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலுக்காக நின்றிருந்தபோது கோமதியின் கணவர் அழைத்தார். "கோமதி போயிட்டாங்க. காலைல நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னாங்க, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..." வந்த ரயிலில் நான் ஏறவில்லை.

இங்கே பிளெய்ன்ஸ்பரோ தமிழர்களான உங்களில் பலருக்கு அவரை, எல்லா விருந்துக்கும் தேங்காய்ப்பால் சொதி கொண்டுவரும் திருநெல்வேலிக்காரராகத் தெரியும். எனக்கு அவர் ஆய்வகத்தில் பக்கத்து அறைக்காரர். பூச்சிமருந்துகள் நன்னீர் மீன்களை என்ன செய்யும் என்று பார்ப்பது அவர் வேலை. மருந்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பார்ப்பது என் வேலை.

ஒரு கோடையில் மருந்து நிறுவனம் ஒன்றிடமிருந்து சோதனைக்குப் புது மருந்து வந்தது. சுத்திகரித்த மாதிரியைக் கலந்த தொட்டியில் மீன்கள் வழக்கம்போல நீந்தின. ஆலையிலிருந்து டிரம்மில் வந்ததை அதே அளவு கலந்த தொட்டியிலோ, முதுகு வளைந்து, ஒருக்களித்து மிதந்தன. தொட்டியில்தான் கோளாறு என்றார் மேலாளர். கோமதி புதுத் தண்ணீர், புது மீன்களோடு திரும்பச் செய்தார். மறுபடியும் அப்படியே.

"டிரம்ல வேற என்னமோ இருக்கு. பாத்துச் சொல்லுங்க, பயமா இருக்கு" என்று என்னிடம் வந்தார். பார்த்தேன், இருந்தது. வெயிலில் கிடந்த டிரம்முக்குள் மருந்தில் ஒரு சிறு பகுதி வேறு பொருளாக மாறியிருந்தது. உடலுக்குள் போன மருந்தைச் சிதைக்கும் மீனின் திறனையே அது முடக்கிவிடும்.

சுத்த மாதிரியின் முடிவை மட்டும் அறிக்கையில் போடச் சொன்னார் மேலாளர். இங்கேயே தங்குவதற்கான கோமதியின் கிரீன் கார்டு விண்ணப்பம் அப்போது எங்கள் ஆய்வகத்தின் வழியாகத்தான் நகர்ந்துகொண்டிருந்தது. கார் நிறுத்துமிடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேலை போனா ஊருக்குத் திரும்பணும். பொண்ணு படிப்பு என்ன ஆகும்?"

"என்ன செய்யப்போறீங்க?"

"வயல்ல அடிக்கப்போறது இந்த டிரம்ல இருக்கறதைத்தானே? மழை பெஞ்சா ஓடைக்குத்தானே போகும்? எப்படி மறைக்க?"

மறுநாள் இரண்டு முடிவுகளையும் வைத்தே கையெழுத்திட்டார். அதன்பின் ஃபோன் அடித்தாலே திடுக்கிடுவார். சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீடு திரும்பும். கடைசியில் மருந்து நிறுவனம் அந்தச் சரக்கை நிறுத்தியது. கோமதிக்கு வேலை போகவில்லை. ஆனால் பெரிய திட்டம் எதுவும் அவரிடம் பிறகு வரவில்லை. கார்டு கைக்கு வந்தும் அவர் நிம்மதியாகவில்லை. "நாம பாக்காம விட்ட டிரம் எத்தனையோ?" என்பார்.

அவரைத் தைரியசாலி என்று இப்போது பலர் சொல்கிறார்கள். நான் பார்த்த கோமதி நடுங்கிக்கொண்டேதான் அதைச் செய்தார்.

நேற்று புதிய மாதிரி ஒன்று வந்தது, சிறிய பாட்டிலில், சுத்தமானதாக. விற்கப்போகும் சரக்கையும் அனுப்பச் சொல்லி எழுதினேன். எதற்கு என்று கேட்டிருக்கிறார்கள். ஃபோன் அடித்தால் இப்போது நானும் திடுக்கிடுகிறேன். இந்தப் பயத்தையும், பயந்துகொண்டே கேட்டுவிடும் பழக்கத்தையும் அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொள்கிறேன்.