நல்லம்மாள் விட்ட டுரியான்

காசிக்குப் போகிறவர்கள் பிடித்த பழம் ஒன்றை அங்கே விட்டுவிட்டு வருவார்கள்; பிறகு சாகும்வரை அதைத் தொடுவதில்லை. சுங்கை சிப்புட்டில் எங்கள் பக்கத்து வீட்டு நல்லம்மாள் பெரியம்மா, போவதற்கு முன்பே தனக்குப் பிடித்த டுரியான் பழத்தை விட்டவர். குடியுரிமை உள்ளவர்களின் அடையாள அட்டையான நீல ஐசிக்கு முதன்முதலாக மனுப் போட்ட வருஷம் அது. எப்படியும் கிடைத்துவிடும், பழத்தை இப்போதே விட்டால் என்ன என்று நினைத்துவிட்டார்.

பிறந்தது இங்கேதான். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் நடந்த அந்தப் பிரசவத்தை யாரும் பதியவில்லை. ரப்பர் மரம் சீவிய காலமெல்லாம் கையில் குடியுரிமை இல்லாதவர்களின் சிவப்பு ஐசிதான். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயம் போய் வீடமைப்பு வந்தது, ஐசியின் நிறம் மட்டும் மாறவில்லை. நீல ஐசி இல்லாமல் கடப்பிதழ் கிடையாது; கடப்பிதழ் இல்லாமல் நாட்டைவிட்டுக் காசிக்குப் போக முடியாது.

காசியில் செத்தால் மறுபிறவி இல்லை என்பார்கள். பெரியம்மாவுக்கு அதுதான் வேண்டும். "இன்னொரு தடவ பொறந்து, இன்னொரு தடவ பதியாம விட்டுட்டா?" என்று கேட்பார்.

பல ஊர் சுற்றிவிட்டுக் காசி வழியாக நான் வீடு திரும்பிய வாரம், பெரியம்மாவின் ஐசி மனுவுக்கு இந்த முறையும் இல்லை என்று பதில் வந்திருந்தது. அவருடைய மகன் தனேஸ்வரன் லாரியில் கொண்டுவந்த டுரியான்கள் வாசலில் கிடந்தன.

"ஏ புள்ள, காசியப் பத்திச் சொல்லுலா" என்றார் பெரியம்மா.

அங்கே கேட்ட கதையைச் சொன்னேன். "ஒரு பஞ்சத்துல, திவோதாசன்னு ஒரு ராசாகிட்ட காசியக் குடுத்தாங்க பெரியம்மா. சாமிங்க யாரும் ஊருக்குள்ள இருக்கக் கூடாதுன்னு அவன் சொல்லிட்டான். சிவனே வெளியேறி, மந்தர மலையில உக்காந்து ஏங்கிக்கிட்டு இருந்தாரு."

"சொந்த ஊருக்குள்ள போவ முடியாமலா?"

"ஆமா. சூரியன், பிரம்மான்னு ஒவ்வொருத்தரா அனுப்பிப் பாத்தாரு. போனவங்க ஊரு நல்லாருக்குன்னு அங்கயே தங்கிட்டாங்க."

தனேஸ்வரன் சிரித்தான். "நம்ம ஏஜெண்டு மாரி. ஐசி வாங்கியாறேன்னு தலைநகரு கே.எல்.லுக்குப் போனவன் இன்னும் வரல."

பெரியம்மா சிரிக்கவில்லை. "கடைசியில சிவன் ஊருக்குள்ள போனாரா?"

"போனாரு. ராசாவுக்கே ஆட்சி வெறுத்துப்போயி, விட்டுட்டுப் போயிட்டான்."

பெரியம்மா சாலைப் பக்கம் திரும்பினார். செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று போனது.

"சிவனுக்குச் சாவு இல்ல. எம்புட்டு காலம் வேணும்னாலும் காத்துக்கிட்டு இருக்கலாம்" என்றார். பிறகு மகனிடம் சொன்னார்: "டேய், அந்தப் பழத்தப் பொள."

"மா, நீ காசிக்கு…"

"பொளடா."

அவன் கத்தியை எடுத்துவந்தான். முள்ளுக்கிடையில் முனையைக் குத்தித் திருகியதும் ஓடு விரிந்தது. பெரியம்மா ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டார். கொட்டையை வெகுநேரம் சப்பிக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவ மனுப் போடலாம் பெரியம்மா" என்றேன்.

அவர் மிச்சச் சுளைகள் இருந்த ஓட்டை என் பக்கம் தள்ளினார்.

"சாப்புடு. நல்ல பழம்."