காவலுக்குப் போட்ட மாத்திரை

என் வீட்டுக்காரர், என் அத்தை மகன், லேசில் தண்ணீர் குடிக்க மாட்டார். நாங்கள் குடியிருக்கும் மாட்டுங்கா லேபர் கேம்பில் இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. குடித்தால் போக வேண்டும், போனால் கக்கூஸ் லைனில் நிற்க வேண்டும். அவர் வேலை பார்க்கும் தோல்பைப் பட்டறையில் அதுவும் கிடையாது. காலையில் ஒரு டீ, மத்தியானம் சோற்றோடு அரை டம்ளர் தண்ணீர், அவ்வளவுதான். ஒட்டகம்கூட எப்போதாவது குடிக்கும் என்று திட்டுவேன். சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு மேற்கொண்டு திட்ட வராது.

கல்யாணமான மறுவருஷமே அவருக்குக் கல்லடைப்பு வந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் புரண்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டாக்டர் ஊசி போட்டு, கல் இறங்குவதற்கென்று சில வாரத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். கல் இறங்கிவிட்டது. மாத்திரை நிற்கவில்லை. அந்த வலி மறுபடி வந்துவிடக் கூடாதே என்ற பயத்தில், காலி அட்டையை மெடிக்கலில் காட்டிக் காட்டி இவர் பாட்டுக்கு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். கையில் கட்டும் சாமி கயிறு மாதிரி அது அவருக்கு. நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வருஷங்கள் போயின, பிள்ளை மட்டும் உண்டாகவில்லை. எங்கள் ஆட்கள் முதலில் யாரைப் பார்ப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம். ஸ்கேன், ரத்தம், கருக்குழாயில் மருந்து விட்டு எடுக்கும் படம் எல்லாம் எனக்குத்தான். எல்லாம் நன்றாக இருந்தது. விசேஷ வீடுகளில் கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி என் வாய் நீண்டுவிட்டது. கடைசியில் வளைகாப்புக்குப் போவதையே நிறுத்தினேன். எனக்குப் பிள்ளை வேண்டும் என்று அவரிடம் மட்டும்தான் அழுதிருக்கிறேன்.

செம்பூரில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். அவர்தான் முதன்முதலாக இவரையும் பரிசோதிக்க வேண்டும் என்றார். விந்துப் பரிசோதனைக்கு ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்து உள்ளே அனுப்பினார்கள். போனவர் வெறும் டப்பாவோடு திரும்பினார். கூச்சமாக இருந்தது என்று சமாளித்தார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நான் கேலி செய்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: எல்லாம் சரியாகத்தான் நடக்கிறது, கடைசியில் ஒன்றும் வருவதில்லை, ரொம்ப நாளாகவே அப்படித்தான், உடம்புச் சூடு என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் தெரியாமல் இல்லை. ஆனால் அதை எந்த வாயால் கேட்பது? அதனால் இரண்டு பேருமே இத்தனை நாள் பேசாமல் இருந்துவிட்டோம்.

மறுமுறை நானே டாக்டரம்மாவிடம் உடைத்துச் சொன்னேன். ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டார். இல்லை என்றார் இவர். நான் ஒரு பார்வை பார்த்தேன். அது மருந்தில்லை, சும்மா காவலுக்குப் போடுகிறேன் என்று ஹிந்தியில் இழுத்தார். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மறுபடி உள்ளே அனுப்பி, எல்லாம் முடிந்த பிறகு சிறுநீரைப் பிடித்துத் தரச் சொன்னார். அந்தச் சிறுநீரில்தான் உயிரணுக்கள் இருந்தன.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். ஆணுக்குச் சிறுநீரும் விந்தும் வெளியே வர ஒரே குழாய்தான். மூத்திரப்பையின் வாயில் ஒரு தசை இருக்கிறது. விந்து வரும் நேரம் அது இறுக மூடிக்கொள்ளும். அதனால் விந்து பின்பக்கம் போகாது, சிறுநீரும் வந்து கலக்காது. இவர் போட்ட மாத்திரை கல் இறங்குவதற்காக வழியைத் தளர்த்திக் கொடுப்பது. அது மூட வேண்டிய அந்த வாயையும் சேர்த்துத் தளர்த்திவிட்டது. வெளியே வர வேண்டியது பைக்குள் போய், அடுத்த தடவை சிறுநீரோடு போய்விடுகிறது. அதனால் உடம்புக்குக் கெடுதல் இல்லை, மாத்திரையை நிறுத்தினால் சரியாகிவிடும் என்றார்.

வெளியே வந்ததும், "ஏன் அத்தான், இத்தன வருசமா நம்ம பிள்ளையள எல்லாம் கேம்ப் கக்கூஸுக்கா அனுப்பிக்கிட்டு இருந்திய?" என்று கேட்டேன். நடுரோட்டில் நின்று இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் நான் அழுதேன். கோபமும் இருந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அன்றோடு மாத்திரை நின்றது. பெரிய பாட்டிலில் தண்ணீர் நிறைத்துக் கையில் கொடுத்து அனுப்புவேன், பட்டறைக்குப் போன் போட்டுக் குடித்தாரா என்று கேட்பேன். பக்கத்திலிருந்த கட்டணக் கக்கூஸுக்கு இவர் தினசரி விருந்தாளி ஆனார். கொஞ்ச நாளில், டாக்டரம்மா சொன்னபடியே, பழையபடி ஆகிவிட்டது. அதை என்னிடம் சொல்லும்போது இவர் முகத்தில் இருந்த வெட்கத்தைப் பார்க்க வேண்டுமே. டாக்டரம்மா என் வயதைச் சொல்லி, இனி ஒரு மாதத்தையும் வீணாக்காதீர்கள் என்று எச்சரித்தார்.

எங்கள் மகள் இப்போது பால்வாடிக்குப் போகிறாள். அவள் பிறந்த நாளைவிட, அவள் உண்டாவதற்கு முந்தைய மழைக்காலத்தில் ஒரு காலைதான் எனக்கு அடிக்கடி ஞாபகம் வருகிறது. அவருக்கு மறுபடியும் கல்லடைப்பு வந்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு வலியை அடக்கி, சின்னக் கல்தான், கீழே வந்துவிட்டது, சில வாரத்தில் இறங்கிவிடும் என்று சொல்லி அதே மாத்திரையை எழுதினார்கள். அவர் அதை வாங்கவே விடவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு ஊசியின் வேகம் குறைந்தது. சுவரில் சாய்ந்து, துண்டைக் கடித்துக்கொண்டு, வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டிருந்தார். வேர்வையில் பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. நான் பார்க்கக் கூடாதென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். வலிக்கு எவ்வளவு பயப்படுகிற மனுஷர் என்று எனக்குத்தானே தெரியும்.

நானே மெடிக்கலுக்கு ஓடிப்போய் வாங்கி வந்தேன். அட்டையைப் பிரித்து மாத்திரையை அவர் வாயருகே நீட்டினேன்.

"இந்த மாசம் போயிருமேட்டி," என்றார்.

"போவட்டும். எனக்கு மொதல்ல நீங்க வேணும். வாயத் தொறங்க."