ஆரியசாலையில் ஒரு கல்வாழைப் பாத்தி

நாகர்கோவிலில் ஏறிய ரயில் தம்பானூரில் என்னை இறக்கிவிட்டபோது காலை ஒன்பது மணி. எழுபது கிலோமீட்டரும் மழை. எங்கள் தெருவின் மழைநீர் போய் விழும் குளம் பாசி பிடித்து நாறுகிறது. அதற்கு வைத்தியமாக, மழைநீரை வடிகட்டும் பாத்தி ஒன்று ஆரியசாலைக் கடைத்தெருவில் இருக்கிறதென்று கேள்விப்பட்டு, எங்கள் தெருவிலும் ஒன்றைக் கட்டிவிடும் ஆசையோடு கிளம்பியிருந்தேன்.

ஆட்டோவுக்கு நாற்பது ரூபாய். "உள்ள மொத்தம் வெள்ளமாணு சாரே, இனி நடந்தோ" என்று மலையாளத்தில் சொல்லி, தண்ணீர் தேங்கிய சந்தின் முனையிலேயே கழற்றிவிட்டார் ஓட்டுநர்.

பருப்பு மொத்த வியாபாரி சுப்பையா அண்ணாச்சியின் கடை வாசலில் இருந்தது அந்தப் பாத்தி. இரண்டடி அகலம், பத்தடி நீளம். அந்தச் சந்தில் அதற்கு மேல் இடமில்லை. மூட்டை இறக்கும் இடத்தை அண்ணாச்சிதான் விட்டுக்கொடுத்திருந்தார். சாணமும் சிந்திய தானியமும் கரைந்து ஓடும் மழைநீரின் சத்துதான் இங்குள்ள குளத்திலும் பாசியை வளர்க்கிறது. அந்த நீர் பாத்தியில் இறங்கினால், மணலும் கல்வாழைகளும் சத்தைப் பிடித்துக்கொண்டு நல்ல நீரைக் குளத்துக்கு அனுப்ப வேண்டும்.

கல்வாழைகள் என் தோளுயரம் நின்றன. "என்ன அண்ணாச்சி, காடு மாதிரி வளத்துட்டீங்க" என்றேன்.

"மொதல்ல எல்லாம் மஞ்சளாயிட்டு தம்பி. வெறும் மணலு, பாவம் அல்லே? கடலைப் புண்ணாக்கு ஊறவச்சு வாரா வாரம் ஊத்துனேன். பின்னே மளமளன்னு வளந்துட்டு, கேட்டோ."

தண்ணீரைச் சோதித்தார்களா என்று கேட்டேன். அண்ணாச்சியின் முகம் விழுந்துவிட்டது. உள்ளே போகும் நீரைவிட வெளியே வரும் நீர் மோசம் என்று முடிவு வந்ததாம். மதியம் வியாபாரிகள் சங்கத்தார் பாத்தியை இடித்துச் சிமெண்டு பூசப் போகிறார்களாம்.

"எதுனாலன்னு எனக்குப் பிடிகிட்டல. உங்களுக்குத் தெரியுமா தம்பி?"

மழுப்பியிருக்கலாம். சொல்லிவிட்டேன். செடி மழைநீரில் வருவதை மட்டும் தின்றுகொண்டு அரைப்பட்டினியாகத்தான் கிடக்க வேண்டும். புண்ணாக்குச் சத்துதான் குளத்துக்குப் போயிருக்கிறது என்றேன். அவர் ஒரு கல்வாழை இலையைத் தடவினார்.

"நான் சோறுதானே போட்டேன்" என்றார்.

வியாபாரிகள் சங்கச் செயலாளரிடம் ஓடினேன். மேல்மணலை மாற்றி ஒரு மழைக்காலம் பொறுத்தால் சரியாகிவிடும் என்று கெஞ்சினேன். "சாரே, லோடு இறக்க எடமில்லாம எல்லாரும் சண்டை. இனி பற்றில்ல" என்று, முடியாதெனக் கைவிரித்து, அவர் பேச்சை முடித்துக்கொண்டார். பாத்தியைக் கட்டிக் கொடுத்தவர்கள், செடிக்கு உரம் எதுவும் போடக் கூடாதென்று அண்ணாச்சியிடம் ஆரம்பத்திலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

மதியம் கடப்பாரை விழுந்தது. இவ்வளவு செழிப்பான செடி எங்கே கிடைக்கும் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் ஆளுக்கொன்றாக எடுத்துப் போனார்கள். அண்ணாச்சி கல்லாவைவிட்டு எழுந்திருக்கவில்லை. விடைபெறப் போனபோது மட்டும் கேட்டார்: "அப்போ, மஞ்சளாகிறதப் பாத்துட்டுச் சும்மா நிக்கணும், அல்லே? என்னால அது பற்றாது தம்பி."

திரும்பும் ரயிலில் எங்கள் தெருவை வீடு வீடாக நினைத்துப் பார்த்தேன். செடி வாடும்போது சும்மா நிற்கக்கூடிய ஒருவர்கூட நினைவுக்கு வரவில்லை.