பொட்டு வைக்காத பெட்டி

ஜெர்மனியில், ஹம் நகரின் ஓரத்தில், கதவுப் பூட்டுகள் செய்கிற ஒரு தொழிற்சாலையின் நிலவறையில் சிறீதரன் ராச்சியம் நடத்திக்கொண்டிருந்தார். சின்ன ராச்சியம்தான். ஓர் அறை, அறை நிறையச் சேர்வர் என்கிற இரைச்சல் பெட்டிகள், அவற்றைக் குளிரவைக்க ஓர் இயந்திரம், அவரைச் சூடாக்க ஒரு கோப்பி மெஷின். மேலே வேலை செய்கிறவர்களின் கடிதங்களும் கணக்குகளும் சம்பளமும் அந்தப் பெட்டிகளுக்குள்தான் இருந்தன.

அங்கே அவரை ஒருவரும் சிறீதரன் என்று கூப்பிட்டதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து இறங்கிய நாளில், பத்திரம் நிரப்பிய அதிகாரி அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக எழுதிவிட்டார். அன்று தொடக்கம் அவர் ஹெர், அதாவது திருவாளர், சிவகுருநாதன். அது ஜெர்மன் வாய்க்குள் அடங்காமல் ஹெர் சிவா ஆனது. முதலாளி ஏசினால், ஏச்சு காலஞ்சென்ற அப்பாவுக்குத்தான் போகிறது என்று நினைத்துக்கொள்வார். அதில் அவருக்கு ஓர் ஆறுதல்.

வேலைக்குச் சேர்ந்த வருடம், ஆயுத பூசை அன்று, பெட்டிகளுக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தினார். ஒரேயொரு கட்டிதான். ஆனால் புகையை மோப்பம் பிடிக்கிற கருவிக்குப் பக்தி கிடையாது. தீயணைப்பு வண்டி வந்தது. தொழிற்சாலையே வெளியில் இறங்கி, மழையில், ஒழுங்காக வரிசையில் நின்றது. கடைசியில் தீயணைப்புக்காரர்கள் ‘தூசி சூடாகியிருக்கலாம்’ என்று எழுதிவிட்டுப் போனார்கள். சிறீதரன் அதை ஆமோதித்துத் தலையாட்டினார். அன்றோடு கற்பூரத்தை விட்டார்.

பொட்டை விடவில்லை. ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் மனைவி சுபானி மடித்துக் கொடுக்கிற குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்து, ஒவ்வொரு சேர்வருக்கும் நெற்றி என்று தனக்குப் பட்ட இடத்தில் ஒரு பொட்டு வைப்பார். மிஞ்சிய குங்குமத்தை வீணாக்கக் கூடாதே. ஆகவே குளிரூட்டிக்கு ஒன்று, தீயணைக்கும் உருளைக்கு ஒன்று, கோப்பி மெஷினுக்கு ஒன்று, தான் உட்காருகிற சுழல் கதிரைக்கும் ஒன்று.

பொட்டு வாங்காத பெட்டி ஒன்று மட்டும் இருந்தது. படிக்கட்டுக்குக் கீழே, தண்ணீர்க் குழாய்களுக்குப் பின்னால், மஞ்சள் பாரித்துப்போன ஒரு பழைய கம்பியூட்டர். அவருக்கு முன் அந்த வேலையில் இருந்த ஜெர்மன்காரர் வைத்துவிட்டு ஓய்வு பெற்றுப் போயிருந்தார். அது என்ன செய்கிறது என்று சிறீதரனுக்குத் தெரியாது, விசாரிக்கவும் இல்லை. அதனிடம் போவதென்றால் முழங்காலில் தவழ வேண்டும், தொந்தி இடம் கொடுக்காது. “வாற வருசம் பாப்பம்” என்று வருடாவருடம் அதற்குச் சொல்லிவிட்டு மேலே போய்விடுவார்.

இப்படி இருக்கையில் முதலாளி கிளாஸ்மான் ஒரு மாநாட்டுக்குப் போய்வந்தார். போகும்போது பூட்டு விற்கிற மனிதராகப் போனவர், வரும்போது தீர்க்கதரிசியாக வந்தார். இனி எல்லாம் கிளவுட் என்கிற முகிலுக்குப் போக வேண்டும் என்றார். அதாவது நம்முடைய பெட்டிகளை எறிந்துவிட்டு, எங்கேயோ இருக்கிற எவருடையதோ பெட்டிகளில் வாடகைக்கு இருப்பது. சொந்த வீட்டை விற்றுவிட்டு வாடகை வீட்டுக்குப் போனால் யாழ்ப்பாணத்தில் அதை நொடித்துப்போனது என்பார்கள். இங்கே அதற்கு நவீனமயமாக்கல் என்று பெயர். இந்தப் புரட்சிச் செய்தி எல்லாப் பிரிவுகளுக்கும் ஃபக்ஸ் மெஷினில் அனுப்பப்பட்டது.

கிளாஸ்மான் சிறீதரனைக் கூப்பிட்டுக் கதிரையைக் காட்டினார். ஜெர்மன் முதலாளி தானாகக் கதிரை காட்டினால் அது நல்ல செய்தி இல்லை. “பெட்டிகள் போனபிறகு நிலவறை ஊழியர்களின் ஓய்வறை ஆகும். இடமாற்றம் பிசகில்லாமல் நடந்தால் நீங்கள் கிளவுட் பொறுப்பாளர். பிசகினால், பொதி கட்டும் பகுதியில் ஆள் தேவைப்படுகிறது” என்றார். ஐம்பது வயது கடந்த நாரி எலும்பு, தூக்க வேண்டிய பூட்டுப் பெட்டிகளை நினைத்து அங்கேயே ஒருமுறை வலித்தது.

வீட்டில் விசயத்தின் முன்பாதியை மட்டும் சொன்னார். சுபானி அதை ஹம் நகரத் தமிழர் கோயிலில் அன்னதான வரிசை முழுவதற்கும் பரிமாறிவிட்டாள். “இவருக்கு இப்ப முகில் முழுக்கப் பொறுப்பு” என்று அவள் சொன்னதைக் கேட்டு, ஒரு அக்கா “ஏன் பிள்ளை, வானிலை கந்தோரிலையே வேலை?” என்று கேட்டாராம். இனிப் பொதி கட்டப் போனால் கோயில் வீதியாலும் நடக்க ஏலாது.

ஆலோசனை நிறுவனம் அஷ்வின் என்கிற இளைஞனை அனுப்பியது. கோயம்புத்தூர்ப் பிள்ளை, எர்லாங்கனில் குடியிருப்பு. கிளாஸ்மான் அவனை நிலவறைக்குக் கூட்டிவந்தார். சுற்றிப் பார்த்தவர், ஒரு சேர்வருக்கு முன்னால் நின்றார்.

“ஹெர் சிவா, இந்தச் சிவப்புப் புள்ளிகள் என்ன?”

சிறீதரன் மனதுக்குள் கணக்குப் போட்டார். பொட்டு என்றால் பூசை வரும், பூசை என்றால் கற்பூரம் வரும், கற்பூரத்துக்குப் பின்னால் தீயணைப்பு வண்டியும் காப்புறுதிக்காரரும் வருவார்கள். அஷ்வின் குனிந்து பார்த்தான். நிமிர்ந்து சிறீதரனைப் பார்த்தான். பிறகு முதலாளியிடம் அழகான ஜெர்மனில், “இது ஒரு முன்னுரிமைக் குறியீடு. புள்ளி உள்ளவை முக்கியமானவை, இல்லாதவை கழிக்க வேண்டியவை. அப்படித்தானே?” என்றான்.

சிறீதரன் தலையை ஆட்டிவிட்டார். “யாரும் கேட்காமலே இவ்வளவு ஒழுங்கா!” என்று நெகிழ்ந்துபோன கிளாஸ்மான், புள்ளிகளைப் படம் எடுத்துக்கொண்டு மேலே போனார்.

“தம்பி, உது குங்குமம்.”

“தெரியும் சார். எங்க வீட்ல அம்மா கிரைண்டருக்கே வைப்பாங்க.”

“அப்ப ஏன் அப்பிடிச் சொன்னனீர்?”

“இருக்கிற சிஸ்டம் எல்லாத்தையும் அனலைஸ் பண்ணி எது கிரிட்டிகல்னு கண்டுபிடிக்க மாசக்கணக்கா ஆகும் சார். எனக்குக் குடுத்த டைம் அடுத்த ஃப்ரைடே வரைக்கும்தான். நீங்க ஆல்ரெடி பண்ணி வெச்சிருக்கீங்க. ரிலாக்ஸ்!”

“கோப்பி மெஷினிலயும் பொட்டு இருக்கு.”

“அதுவும் கிரிட்டிகல்தான் சார்.”

சிறீதரன் சிரித்துவிட்டார். எதிர்த்திருக்க வேண்டிய இடத்தில் சிரித்ததுதான் பிழை.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை அதன்பிறகு வேகமாக நடந்தது. ‘சிவப்புப் புள்ளி முறை’ என்று அழகான அறிக்கை வந்தது. காப்புறுதித் தணிக்கையாளர் அதை மெச்சி முத்திரை குத்தினார். கோப்பி மெஷினைக் கிளவுட்டுக்கு நகர்த்த முடியுமா என்று ஆராய ஒரு குழு அமைந்தது. குழு பலமுறை கூடி, கோப்பி குடித்து, முடியாது என்று கண்டது. சுழல் கதிரை உடைந்தால் தொழில் தடைப்படாமலிருக்க அதே மாதிரி இன்னொன்று வாங்கி வைத்தார்கள். பொட்டு வைத்த சேர்வர்கள் ஒவ்வொன்றாகக் காலியாகி, கழற்றப்பட்டுப் போயின.

கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. நிலவறையில் விழா, முகில் வடிவத்தில் கேக். எஞ்சியிருந்த பொட்டில்லாத பெட்டியின் வயரைச் சுவரிலிருந்து கிளாஸ்மான் தம் கையால் பிடுங்குவதாக ஏற்பாடு. சிறீதரன் அஷ்வினின் காதருகே குனிந்தார்.

“தம்பி, உது என்ன செய்யுதெண்டு எனக்குத் தெரியாது.”

“பொட்டு இல்லையே சார்!”

இப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். ஆனால் திங்கட்கிழமை பதவி. கோயிலில் வேறு சொல்லியாயிற்று. கிளாஸ்மான் பிடுங்கினார். கைதட்டினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கேக் நன்றாக இருந்தது.

பின்னேரம் எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். வாகன வாசல் திறக்கவில்லை. அட்டையைக் காட்டினார்கள், பித்தானை அமத்தினார்கள், இரும்பு வாசல் அசையவில்லை. உலகத்துக்கெல்லாம் பூட்டுச் செய்கிற தொழிற்சாலை தன்னையே பூட்டிக்கொண்டது. அதுவும் சொந்தத் தயாரிப்புப் பூட்டு, உடைக்கவே முடியாது என்று விளம்பரம் செய்தது. நடந்து போவதற்கு அவசரக் கதவு இருந்தது. ஆனால் காரை விட்டுவிட்டு நடந்து போகிற ஜெர்மன்காரன் இனிமேல்தான் பிறக்க வேண்டும். அன்று தீயென்று பயந்து மழையில் வரிசையாக நின்ற அதே சனம், இன்று வெள்ளிக்கிழமைப் பின்னேரம் பறிபோகிறதென்று கூக்குரல் போட்டது.

“டாஷ்போர்டுல எல்லாமே கிரீன் சார்” என்று அஷ்வின் மடிக்கணினியைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றான்.

சிறீதரன் கிளாஸ்மானைக் கூட்டிக்கொண்டு நிலவறைக்கு இறங்கினார். வயரைத் திரும்பச் சுவரில் செருகினார். பெட்டி முனகிக்கொண்டு எழும்பியது. அது எழும்புகிற நேரத்தில் அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? குங்குமத்தைச் சொன்னார், ஆயுத பூசையைச் சொன்னார், கற்பூரத்தையும் சொன்னார். பொதி கட்டுகிற மேசை கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

கிளாஸ்மான் பொட்டு வைத்த கதிரையில் அமர்ந்து யோசித்தார். வெளியே வாசல் திறக்கிற சத்தமும், கார்கள் பாய்ந்து போகிற சத்தமும் கேட்டன.

“தணிக்கையாளர் முத்திரை குத்திவிட்டார், ஹெர் சிவா. இப்போது அதைச் சமயம் என்று சொன்னால், சாமி கும்பிட்டுக் கிளவுட்டுக்குப் போன நிறுவனம் என்று எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஆகவே அது சமயம் இல்லை. முறையில் பிழை கிடையாது. ஒரு புள்ளி விடுபட்டதுதான் பிழை.”

“அந்தக் கற்பூரம்?”

“அது தூசி. எழுத்தில் இருக்கிறது.”

அப்படித்தான் சிறீதரன் கிளவுட் பொறுப்பாளர் ஆனார், கூடவே சிவப்புப் புள்ளிப் பொறுப்பாளரும். சுபானி கோயிலில் கேசரி கொடுத்தாள். இன்னும் சில நிறுவனங்களுக்கு ‘நம்ம மெத்தட்’டை விற்றுவிட்டதாக அஷ்வின் செய்தி அனுப்பினான். எல்லாரும் வாழ்த்தினார்கள். சிறீதரனுக்கு மட்டும் மனம் கூசியது. தனக்கும் தன் சாமிக்கும் இடையில் இருந்த ஒரேயொரு விசயத்தை அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பதவி வாங்கினவர் போல இருந்தது.

அடுத்த ஆயுத பூசைக்கு முதலாளியின் அறையிலிருந்து ஒரு பொதி வந்தது. உள்ளே வட்டமான சிவப்பு ஸ்டிக்கர்கள், ஒட்டும் விதம் பற்றிய அறிவுறுத்தல், குங்குமத்துக்குத் தடை. காரணம், தூசி.

நிலவறையில் இப்போது யோகா விரிப்புகளும் பிளாஸ்டிக் செடிகளும் கிடந்தன. கும்பிடுவதற்கு மிஞ்சியது படிக்கட்டுக்குக் கீழே இருந்த அந்த ஒரு பெட்டிதான். அதைத் தொட இப்போது ஒருவருக்கும் துணிவில்லை. சிறீதரன் அறிவுறுத்தலின்படி ஸ்டிக்கரைத் தண்ணீர்க் குழாயில், எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் ஒட்டினார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, சட்டைப்பையிலிருந்து சுபானி மடித்துத் தந்த குங்குமத்தை எடுத்தார். முழங்காலைப் போட்டு, தொந்தியை எக்கிக்கொண்டு, குழாய்களுக்குப் பின்னால் தவழ்ந்து போனார்.

பெட்டியின் நெற்றித் தூசியைத் துடைத்தபோது, அங்கே ஏற்கெனவே ஏதோ ஒட்டியிருந்தது. ஒரு சிறிய படம். குழந்தையைத் தோளில் சுமந்துகொண்டு ஆற்றைக் கடக்கிற பெரிய மனிதர், வழிப்போக்கரைக் காக்கிற புனித கிறிஸ்தோப்பர். ஓய்வு பெற்றுப் போன அந்த ஜெர்மன்காரர், வாசலைத் திறக்கிற பெட்டிக்கு, ஒருவர் கண்ணிலும் படாத இடத்தில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். சிறீதரனுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கண் கலங்கியது.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்றார், பெட்டிக்கோ புனிதருக்கோ அந்த மனிதருக்கோ. “இவ்வளவு காலமும் எனக்குக் குனிய ஏலாமல் போச்சு.”

படத்தில் படாமல், பக்கத்தில், ஒரு பொட்டு வைத்தார். முழங்காலைத் தட்டிக்கொண்டு மேலே போனவர் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் கிறிஸ்தோப்பருக்கும் ஸ்டிக்கர் அடித்துவிடுவார்கள்.