அழித்திருக்கத் தேவையில்லை

சாய்ந்தமருதில் எங்கள் பக்கத்து வீட்டு ராத்தாவின் கணினி அடிக்கடி நீலத் திரை காட்டி நின்றுபோனது. எதையும் தேதியோடு குறித்து வைப்பது என் பழக்கம். எந்த நாள், எத்தனை மணிக்கு, எதைத் திறந்தபோது நின்றது என்று ஒரு வாரம் எழுதினேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு வேலையில் நின்றிருந்தது. அதைப் பார்த்தே ரேம் எனும் நினைவகத்தைச் சந்தேகித்திருக்க வேண்டும். நான் விண்டோஸில்தான் கோளாறு என்று முடிவுகட்டினேன்.

“போட்டோ எல்லாத்தையும் எடுத்து வச்சிட்டன் ராத்தா. முழுசா அழிச்சிட்டுப் புதிசாப் போடுறன்” என்றேன்.

“நீங்கதானே டொக்டர், வெட்டுங்க” என்று சிரித்தார்.

அழித்துப் புதிதாகப் போட்ட மறுநாளும் நின்றது. உள்ளே இருந்த இரண்டு ரேம்களில் ஒன்றைக் கழற்றினேன். அதன்பின் நிற்கவேயில்லை.

அப்போதுதான் ராத்தா கேட்டார்: “தம்பி, பாட்டு ஃபோல்டருக்குள்ள அவர்ர வொய்ஸ் கிடந்திச்சே, எங்க?”

கத்தாரில் இறந்துபோன கணவர் அனுப்பிய குரல் பதிவுகள். தன் போன் பழுதாகுமுன் ராத்தா அவற்றை அங்கே மாற்றி வைத்திருந்தாராம். மீட்கும் மென்பொருள்களைப் போட்டுப் பார்த்தேன். ஒன்றுகூட ஒலிக்கவில்லை.

“நீங்க என்ன செய்யிற? அழிக்காமத் திருத்த ஏலாதானே” என்றார் ராத்தா. “இரிங்க, பிளேன்டி ஊத்துறன்.”

ஏலும், முதலிலேயே ரேமைக் கழற்றியிருந்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. கொடுத்த தேநீரைக் குடித்தேன். அதில் சீனி இருந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

இன்றும் வழியில் கண்டால், “இப்ப நிக்கிறல்ல தம்பி, நல்லா ஓடுது” என்பார். தலையாட்டிவிட்டு நடப்பேன். என்மேல் கோபப்பட அவருக்கு ஒரு காரணம் உண்டு. அதை இன்னும் அவரிடம் கொடுக்கவில்லை.