பானைக்குள் கை நுழைக்க மறுத்தவர்

அக்கரைப் பசியாவரத்துப் படகுக்காரன் எப்போதும் பாதி ஏரியில் வரும்போதே கூப்பாடு போட ஆரம்பித்துவிடுவான். அன்று எங்கள் கோட்டைக்குப்பம் கரையில் படகு தட்டும்வரை அவன் வாயைத் திறக்கவில்லை. வலை உதறிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து பார்த்தேன். "சவரிமுத்து அண்ணன் போயிட்டாருண்ணே. ஜுரந்தான்" என்றான். சவரிமுத்து பசியாவரத்துக்காரர், என் தங்கை மரியம்மாவின் கணவர், என் மச்சான். கையிலிருந்த வலையை அப்படியே போட்டுவிட்டுப் படகேறினேன்.

அவரை அறியாதவர்களுக்கு அவர் குணத்தைச் சொல்ல வேண்டும். மச்சானைப் போல் நிதானமான மனிதரை நான் கண்டதில்லை. நிதானம் என்று இன்று மரியாதையாகச் சொல்கிறேன். அன்று வேறு சொல்லால் திட்டியிருக்கிறேன். ஒரு மண்சட்டி வாங்கப் போனால் கடையிலிருக்கும் சட்டிகளை எல்லாம் தட்டிப் பார்ப்பார். பிறகு "நாளைக்கு வரேன்" என்று வெறுங்கையோடு திரும்புவார். "இவுரு யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள புடிச்ச மீனு கருவாடாயிடும்ணே" என்று மரியம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

பெண் கேட்டு வந்தபோதும் அப்படித்தான். எல்லாரும் சரி என்று சொன்ன பிறகும் மாப்பிள்ளை வாய் திறக்கவில்லை. பொறுமையிழந்து, "இன்னா மச்சான், புடிக்கலன்னா சொல்லிடு" என்றேன். "கோபுரம் கட்டுறவன் மொதல்ல ஒக்காந்து யோசிக்கணும்னு ஆண்டவரே சொல்லியிருக்காரு. நான் இன்னும் ஒக்காந்துனுதான் இருக்கேன்" என்று சிரித்தார். கோயிலில் உபதேசியார் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டு வேதம் அவருக்கு மனப்பாடம். அதை யார் தலையிலும் அடித்துச் சொல்லமாட்டார். தன் வேலைக்கு வைத்துக்கொள்வார்.

ஏரியில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று முடிவு செய்வதையும், அப்படிக் கிடைக்கும் இடத்தையும் நாங்கள் பாடு என்போம். பெயரெழுதிய ஓலைகள் பானையில் கிடக்கும். ஓலை வந்த வரிசையில் இறங்க வேண்டும். அந்தப் பானையில் கைவிட்டு எடுப்பவர் மச்சான்தான். அவர் கையில் சூது இருக்காது என்று எல்லாக் குப்பத்துக்கும் தெரியும். செத்தவர்களின் ஓலையைப் பொறுக்கி எடுத்து ஓரமாக வைப்பதும் அவர்தான்.

பிறகு அந்தப் பஞ்சம் வந்தது. ஒல்லாந்தர் கோட்டைத் துறையில் கப்பல் நின்றது. தன்னை விற்றுக்கொள்ளச் சம்மதித்தால் வீட்டுக்கு அரிசி கிடைக்கும் என்று தரகன் ஒருவன் குப்பம் குப்பமாகச் சொல்லிக்கொண்டு போனான். கடல் தாண்டிப் பத்தாவியாவுக்கு அடிமையாகக் கொண்டுபோவார்களாம். போனவர் யாரும் திரும்பி வந்து நாங்கள் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் நைனா படுத்த படுக்கை, அம்மாவுக்கு நடக்கத் தெம்பில்லை. நான் போகிறேன் என்றேன். தம்பி சூசை தான் போகிறேன் என்றான். கடைசியில் இருவர் பெயரையும் ஓலையில் எழுதிப் பானையில் போட்டு, மச்சானைக் கூப்பிட்டு அனுப்பினோம்.

அவர் வந்தார். பானையையும் எங்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எடு மச்சான். அப்போஸ்தலருங்களே சீட்டுப் போட்டாங்கன்னு நீதானே சொன்ன?" என்றேன்.

"சொன்னேன். அவங்க ஊழியத்துக்கு ஆள் எடுக்க ரெண்டு நல்லவங்க பேர வச்சு, ஜெபம் பண்ணிட்டுப் போட்டாங்க. சிலுவைக்குக் கீழ சேவகனுங்களும் சீட்டுப் போட்டானுங்க, ஆண்டவரு துணிக்கு. இது எந்தச் சீட்டு மச்சான்?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "வசனம் சோறு போடுமா? வேற வழி இருந்தா சொல்லு!" என்று கத்தினேன்.

"எனக்கும் வழி தெரியல. ஆனா இது வழி இல்லன்னு தெரியுது. எது வந்தாலும் ஒருத்தன் தொலையிற பானையில நான் கை விடமாட்டேன். கைய விட்டுட்டு, ஆண்டவரு சித்தம்னு அவரு மேல பழி போடவும் மாட்டேன்."

பானையைக் கவிழ்த்தார். இரண்டு ஓலைகளையும் அடுப்பில் போட்டார். அந்த மனிதர் வாழ்க்கையில் யோசிக்காமல் உடனே செய்த காரியம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அன்றே எங்கள் எல்லாரையும் பசியாவரத்துக்கு அழைத்துப்போனார். மரியம்மா அப்போது பிள்ளைத்தாச்சி. இருந்தும் இரண்டு வீட்டுக்கும் ஒரே உலைதான். ஏரியில் தனக்கு விழுந்த பாட்டில் எங்களையும் வலை போட இறக்கினார். கையால் தடவிப் பிடித்த நண்டும் உப்புச் சேற்றில் முளைக்கும் உமரிக்கீரையும்தான் சாப்பாடு. நைனா பிழைக்கவில்லை. மற்றவர்கள் மழை வரும்வரை எப்படியோ உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தோம். மச்சானின் விலா எலும்பு தெரிந்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

அவரை அடக்கம் செய்த வாரமே பாட்டுக்கு ஓலை எடுக்கும் நாள் வந்தது. மச்சானுக்குப் பதிலாகப் பானையில் கைவிட்டு எடுக்கச் சூசையிடம் சொன்னார்கள். முதல் ஓலையைக் குப்பத்துப் பெரியவர் வாங்கி வாசித்தார்: "சவரிமுத்து."

செத்தவர் ஓலையை எடுத்து வைக்கிறவரே செத்துப்போனதால், அவர் ஓலையை எடுக்க வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"தப்பாயிடுச்சுபா, வேற எடு" என்றார் பெரியவர்.

சூசை ஓலையைத் திரும்ப வாங்கி மடியில் செருகிக்கொண்டான். "வேணாம் பெரியவரே. அன்னிக்கு இவுரு எங்க ஓலைய எடுத்திருந்தா நான் இங்க நின்னுனு இருப்பனோ இன்னாவோ. மச்சான் பாட்டுல நான் எறங்குறேன். மீனு மரியம்மா ஊட்டுக்கு."

பெரியவர் தலையாட்டிவிட்டு அடுத்த ஓலையை எடுக்கச் சொன்னார்.

மறுநாள் விடிந்ததும் இடுப்பளவு தண்ணீரில் நின்று சூசை வலை வீசினான். கரையில் மரியம்மா அழுதாள், நானும் அழுதேன். மச்சான், மோட்ச வாசலிலும் நின்று யோசித்துக்கொண்டுதான் இருப்பீர்கள். அவசரமில்லை, நிதானமாக உள்ளே போங்கள். சூசை இங்கேதான் இருக்கிறான்.