கப்பல் படத்தின் அடியிலிருந்த பித்தளைத் தகடு

முப்பது ஆண்டுகள் கல்லூரியில் வரலாறு கற்பித்தவன் நான். ஆழ்வார்பேட்டையில் நாங்கள் வசிக்கும் அடுக்ககத்தில் எவருக்கேனும் ஓர் ஐயம் எழுந்தால் என் கதவைத்தான் தட்டுவார்கள். தற்பெருமைக்காகச் சொல்லவில்லை, பின்னர் நடந்ததை எடைபோட இது தேவை.

கீழ்த்தளப் பொது அறையில் தொங்கும் கப்பல் ஓவியம் நான் அளித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பல்களை வரைந்தே பிழைத்த ஓர் ஆங்கிலேயரின் கைவேலை. நடுவே, மூன்று பாய்மரங்களுடன் பெரிய கப்பலொன்று பக்கவாட்டில் செல்கிறது. வலது ஓரத்தில், சிறியதாக, முதுகைக் காட்டியபடி இன்னொன்று. 'கொள்ளைக் கப்பலைத் துரத்தும் போர்க்கப்பல்' என்று பித்தளைத் தகட்டில் பொறித்து அடியில் பதித்தவனும் நானே.

சென்ற ஆண்டு ஒரு காலை, எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் நொச்சிக்குப்பத்து அம்மாள், லிஃப்ட் பழுதானதால் கூடையை இறக்கிவைத்து அங்கே அமர்ந்திருந்தார். அவர் கணவர் சொந்தப் படகு வைத்திருப்பவர். குடியிருப்போர் சங்கச் செயலாளரும் உடனிருந்தார். படத்தின் கதையை நான் அம்மாளுக்கு விளக்கினேன்.

"எவன் எவனைத் தொரத்தறான் சார்? ரெண்டும் ஒரே கப்பலு. பெருசுல பின்னாடி பாயில செவப்பு ஒட்டு கீது பாரு, சின்னதுலயும் அதே ஒட்டு. கப்பல் ஓனரு பக்கவாட்டுல ஒண்ணு, பின்னால ஒண்ணு வரையச் சொல்லிக்கிறான்."

"ஒரே படத்துல ஒரே கப்பல் எப்படியம்மா ரெண்டு தடவை வரும்?" என்றேன்.

"கல்யாண ஆல்பத்துல ஒரே பக்கத்துல பொண்ணு நாலு தபா நிக்குது. மாப்ள இன்னா நாலு பேரையா கட்டிக்கினான்?"

செயலாளர் சிரித்தார். நான் கண்ணாடியைத் துடைத்து அணிந்து பார்த்தேன். ஒட்டு இரண்டிலும் இருந்தது, கொடியும் ஒன்றே.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில், படத்தையே அகற்ற வேண்டும் என்றார் செயலாளர். "இத்தனை வருஷமா எல்லாரையும் ஏமாத்திட்டீங்களே சார்."

எழுந்து நின்றே பதில் சொன்னேன். "தகட்டுல இருந்தது தப்பு. படத்துல தப்பில்லை. நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன், ஏமாத்தல. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவங்க வந்து படத்தைக் கழட்டுங்க."

ஒருவரும் எழவில்லை. படம் அதே ஆணியில் இருக்கிறது. 'ஒரே கப்பல், இரு தோற்றங்கள்' என்கிறது புதிய தகடு. கண்டு சொன்ன அம்மாளின் பெயரும் அதில் உண்டு.

செயலாளரின் வற்புறுத்தலால்தான் பழைய தகடு அகற்றப்பட்டதாக இங்கே இன்றும் பேசிக்கொள்கிறார்கள். தவறு. கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பே, அம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய அரை மணிக்குள், அதன் நான்கு திருகாணிகளையும் கழற்றியவன் நான்.